இன்றைய பான் நேரம்

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் பேசினார். ஆற்றில் கடல் ஓதம் ஏறும் நேரத்தை இனிமேல் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்கிறார்களாம். அதையொட்டி ஒரு மலர் போடுகிறார்கள். "இதை முதன்முதலில் இணையத்தில் போட்டவர் நீங்கள்தானாமே, சார்! முன்னோடி என்ற தலைப்பில் இரண்டு பக்கம் வேண்டும்" என்றார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். முன்னோடி ஒருவர் எழுத வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. அதில் விட்டதைத் தமிழில் எழுதுகிறேன். மலருக்கு இது வேண்டியிருக்காது.

ஹூக்ளி நதியை அளக்கும் அலுவலகம் ஒன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தேன். படகில் போய் ஆழம் பார்ப்பவர்கள் வேறு. அவர்கள் கொண்டுவரும் எண்களைத் தாளில் ஏற்றி, சரிபார்த்து, வேண்டியவர்களுக்கு அனுப்பும் பிரிவு என்னுடையது. அப்பா திருநெல்வேலியிலிருந்து மாற்றலில் வந்து கல்கத்தாவிலேயே தங்கிவிட்டவர். நான் படித்தது, வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் இங்கேதான். சேர்ந்த முதல் மூன்றாண்டுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கோடு போட்டேன், கூட்டல் போட்டேன், தேநீர் குடித்தேன்.

கடல் வெகு தெற்கே இருந்தாலும் ஹூக்ளியில் ஓதம் கல்கத்தாவைத் தாண்டியும் ஏறும். சாதாரண நாட்களில் அது ஏறுவதே தெரியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் மட்டும், ஓர் ஆள் உயரச் சுவராக, ஓட்டத்தை எதிர்த்து, இரைந்துகொண்டு வரும். வங்காளிகள் அதைப் 'பான்' என்பார்கள். கட்டாத படகைப் புரட்டும். படித்துறையில் நிற்பவரை இழுத்துக்கொண்டு போகும். வரும் நேரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம் என்பதுதான் அதில் உள்ள ஒரே நல்ல குணம். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட முக்கால் மணி நேரம் போலத் தாமதித்து வரும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் உத்தியோகம்.

எங்கள் பிரிவின் தலைவர் மித்ரா சாஹேப். ஒல்லியான மனிதர். கோடையிலும் முழுக்கைச் சட்டை. பையில் சிவப்புப் பென்சில் ஒன்று, நீலப் பென்சில் ஒன்று. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு விஷயத்தை இரண்டாம் முறை கேட்டும் நான் பார்த்ததில்லை. நெல்லையப்பன் என்ற என் பெயரை முழுதாக உச்சரித்த ஒரே வங்காளி அவர்தான். மற்றவர்களுக்கு நான் நெல்லை பாபு.

மாதத்தின் பான் பட்டியல் தயாரானதும் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் மூலத்திலிருந்து உரக்கப் படிப்பார். மற்றவர் நகலின் மேல் அடிக்கோலை வைத்து வரிவரியாக நகர்த்துவார். முடிந்ததும் தாள்களை மாற்றிக்கொண்டு, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி மறுபடி படிக்க வேண்டும். மேலிருந்து கீழே போகும்போது வாய் அடுத்த எண்ணைத் தானே ஊகித்துவிடும், கீழிருந்து வந்தால் ஊகிக்காது என்பது மித்ராவின் சித்தாந்தம். பிறகு தொலைபேசி. நதிக் காவல் நிலையம், படகுத்துறைகள், பெரிய படித்துறைகள் என ஒவ்வோர் இடமாக அழைத்து, தேதி, கிழமை, நேரம் மூன்றையும் சொல்லி, எதிர்முனை அவற்றைத் திருப்பிச் சொன்ன பிறகே பதிவேட்டில் கையெழுத்து. தேதியைத் திருப்பிச் சொல்லாமல் "ஹாங், ஹாங், புரிகிறது" என்பவரிடம் மித்ரா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அறிவிப்பில் 'இன்று', 'நாளை' என்ற சொற்கள் வரக்கூடாது. புதிதில் ஒரு தாளில் 'இன்று பிற்பகல்' என்று எழுதிவிட்டேன். சிவப்புப் பென்சில் அதன் மேல் ஓடியது. "ஆஜ் மானே? கார் ஆஜ்?" என்றார். இன்று என்றால் யாருடைய இன்று? மாலையில் ஒரு குமாஸ்தா தொலைபேசியில் எழுதிக்கொள்வதை, மறுநாள் காலையில் வேறொரு குமாஸ்தா படகுக்காரனுக்குப் படித்துக் காட்டுவான். அப்போதும் அந்தத் தாளில் 'இன்று' என்றுதான் இருக்கும். "அந்தப் படகுக்காரனை நினைத்துக்கொண்டு எழுது, நெல்லையப்பன்" என்றார். இருபது ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கணினிக் காய்ச்சல் ஊரெல்லாம் பரவியது. நாற்பத்தாறு வயதில் எனக்கும் வந்தது. காளிகாட் மெட்ரோவுக்கு அருகே ஒரு மாடியில் பயிற்சி நிலையம். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே குளிர்சாதனம், கணினிகளுக்குப் பூப்போட்ட துணி உறை. காளி கோயிலிலும் இவ்வளவு ஆசாரம் கிடையாது. வலைப்பக்கத்துக்கான டேக், அதாவது குறிகள், எழுதச் சொல்லிக்கொடுத்தவள் ஷர்மிளா மிஸ், இருபத்து மூன்று வயது. வங்காள வழக்கப்படி என்னைத் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவாள். "தாதா, டேக்கைத் திறந்தால் மூட வேண்டும். உங்கள் அரசாங்க அலமாரி மாதிரி திறந்து போட்டுவிட்டு டிபனுக்குப் போய்விடக் கூடாது" என்பாள். வகுப்பு சிரிக்கும். மூடக் கற்றுக்கொண்டேன்.

என் முதல் வலைப்பக்கத்தில் என் பெயர், சாம்பல் நிறப் பின்னணி, வேலை நடக்கிறது என்று மண்வெட்டியோடு ஒரு பொம்மை, எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் ஓர் எண். பக்கத்தை வைக்க அமெரிக்கக் கம்பெனி ஒன்று இலவசமாக இடம் கொடுத்தது. பதிலுக்கு என் தலைக்கு மேல் அவர்களுடைய விளம்பரம். பக்கத்தின் கோப்பை ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு, அலுவலகம் முடிந்து ஏழு மணிக்குக் காளிகாட்டில் பல்டு என்பவரின் சைபர் கஃபேக்குப் போவேன். அங்கிருந்து ஏற்றுவேன். இரண்டு வாரம் பக்கம் திறக்கவே இல்லை. கோப்பின் பெயரில் ஒரு பெரிய எழுத்து. அந்தக் கணினிக்குப் பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு என்பது எனக்குத் தெரியாது. பெயரை மாற்றியதும் திறந்தது. பல்டு எழுந்து வந்து கை கொடுத்தார். "நெல்லை-தா, இப்போது உங்களை அமெரிக்காவில் இருந்தும் பார்க்கலாம். ஆனால் எதற்குப் பார்ப்பார்கள்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் பான் நேரத்தைப் போட்டேன். எங்கள் அறிவிப்பு காவல் நிலையத்துக்கும் பெரிய படித்துறைகளுக்கும் போகும். சிறிய துறைகளில் குளிப்பவருக்குப் போகாது. ஆண்டு அட்டவணை அச்சில் வந்த பொதுச் சொத்துதான். முழு ஆண்டையும் தட்டச்சு செய்தேன். மனைவி உரக்கப் படிக்க நான் அடிக்கோல் வைத்துப் பார்த்தேன். பிறகு கீழிருந்து மேலே. ஒரு பிழைகூட இல்லை. இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்வேன்.

பிறகு ஒரு சிறிய நிரல் எழுதினேன். பக்கத்தை யாராவது திறந்தால், அந்த நிரல் தேதியைப் பார்த்து, பட்டியலில் அந்தத் தேதிக்குரிய வரியை மட்டும் எடுத்துக் காட்டும். மேலே பெரிய சிவப்பு எழுத்தில், விட்டுவிட்டு ஒளிரும்படி, ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு: இன்றைய பான் நேரம். அதன் கீழே மணி. தேதி போடவில்லை. எதற்கு? கணினிக்குத்தான் தெரியுமே. ஒவ்வொரு மாலையும் ஏழு மணிக்குத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு மாலையும் சரியாக இருந்தது.

மித்ராவிடம் காட்டவில்லை. அலுவலக வேலை அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சண்முகசுந்தரத்திடம் காட்டினேன். அவர் ரயில்வேயில், சாந்த்ராகாச்சி யார்டில் மேற்பார்வையாளர், எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் பழக்கம். ஆண்டுதோறும் மகாளய அமாவாசைக்கு ஆற்றில் இறங்கித் தர்ப்பணம் செய்பவர். முந்தைய நாள் எனக்குத் தொலைபேசி செய்வார். "என்னவே, நாளைக்கு ஒம்ம ஆறு எத்தனை மணிக்குச் சீறுது?" நான் நேரம் சொல்வேன், தேதியைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். "ஆமாவே, இவரு பெரிய ஸ்டேஷன் மாஸ்டரு, நான் லைன் கிளியர் வாங்குதேன்" என்று சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்வார்.

அந்த ஆண்டு கேட்டபோது நான் நேரம் சொல்லவில்லை. "இனிமே என்னைக் கேக்க வேண்டாம்வே. காலையில செந்திலைக் கம்ப்யூட்டர்ல பாக்கச் சொல்லும். எல்லாம் அதுலயே இருக்கு" என்றேன். செந்தில் அவருடைய ஒரே மகன், பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு.

மகாளயம் அன்று காலை எட்டு மணிக்குச் செந்தில் சாந்த்ராகாச்சி ஸ்டேஷன் எதிரே ஒரு கடையில் என் பக்கத்தைத் திறந்து, அச்செடுத்துக்கொண்டு வந்தான். தாளில் 10.22 என்று இருந்தது. அப்பாவும் மகனும் ஹவுரா பக்கத்தில் ஒரு சிறிய, இடிந்த படித்துறைக்குப் போனார்கள். பெரிய துறைகளில் கூட்டம் நெரியும். சண்முகசுந்தரத்துக்குக் கூட்டம் ஆகாது. அங்கே அறிவிப்புப் பலகை கிடையாது. பத்து மணியிலிருந்து மேல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். 10.22க்கு ஒன்றும் வரவில்லை. இந்த முறை பலமில்லாமல் அடங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார்கள். ரயில்வேக்காரர் அல்லவா, அப்போதும் இறங்கவில்லை. இன்னும் அரை மணி பார்த்தார். பிறகு எள்ளையும் தர்ப்பையையும் எடுத்துக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கினார். துணிப் பையோடு செந்தில் படியில் நின்றான். தெற்கே யாரோ "பான், பான்" என்று கத்துவது கேட்டதாம். அவன் 'அப்பா' என்று கூப்பிட்டதும் அவர் திரும்பிப் பார்த்தாராம். அப்போது மணி 11.02.

இரண்டு நாள் கழித்து உடல் வெகுதூரம் கீழே கரை ஒதுங்கியது.

மகாளயம் அன்று மாலையே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது, பல்டுவின் கடைக்கு ஓடினேன். பக்கம் திறந்தது: 11.02. மிகச் சரி. பையன் முந்தைய நாள் எடுத்த தாளைக் கொண்டுபோயிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். முந்தைய நாள் நேரம்தான் 10.22. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு நிமிடம் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தை நான் மறைக்கப் போவதில்லை.

ஆற்றில் யாராவது பானில் போனால் எங்கள் அலுவலகம் ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும்: அறிவிப்பு சரியா, உரிய இடங்களுக்குப் போனதா. மித்ரா பதிவேடுகளை வரவழைத்து, ஒவ்வொரு தொலைபேசிக் குறிப்பையும் நீலப் பென்சிலால் டிக் அடித்தார். "நம் தாள் சரி" என்றார். அறிக்கையை வரைந்தது நான். போலீஸ் எடுத்த வாக்குமூலத்தில், காலையில்தான் தாளை அச்செடுத்தேன் என்று பையன் சொல்லியிருந்தான். என் அறிக்கையின் நான்காம் பத்தியில் இப்படி எழுதினேன்: 'இறந்தவரின் தரப்பினர், அதிகாரபூர்வமற்ற ஒரு குறிப்பை வேறு தேதிக்குரியது என அறியாமல் பயன்படுத்தியதாகத் தெரிகிறது.' அந்தக் குறிப்பு யாருடையது என்று எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. போலீஸ் அந்த வரியை அப்படியே தன் கோப்பில் எழுதி மூடியது. வாக்கியம் நன்றாக அமைந்திருந்தது.

மகாளயத்திலிருந்து ஏழாம் நாள், துர்கா பூஜையின் சப்தமி, அலுவலகத்துக்கு விடுமுறை. வாழ்நாளில் முதன்முறையாகக் காலை ஒன்பது மணிக்குப் பல்டுவின் கடைக்குப் போனேன். தெருவில் டாக் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் என் பக்கத்தைத் திறந்தேன். சாதாரண நாட்களில் அந்தப் பக்கம் ஓதம் ஏறும் நேரத்தை மட்டும் காட்டும். அன்றைய நேரம் எனக்கு மனப்பாடம். திரையில் இருந்தது அன்றையது அல்ல. முந்தைய நாளான ஷஷ்டியின் நேரம்.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. என் நிரல் தேதியைக் கேட்டது கல்கத்தாவில் அல்ல. பக்கத்தை வைத்திருந்த கணினியில். அது அமெரிக்காவின் மேற்குக் கரையில் எங்கோ இருந்தது. இங்கே சப்தமி காலை ஒன்பது. அங்கே ஷஷ்டி இரவு எட்டரை. ஒவ்வொரு நாளும் நண்பகல் பன்னிரண்டரை வரை என் பக்கம் முந்தைய நாள் நேரத்தை 'இன்று' என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததெல்லாம் மாலை ஏழு மணிக்கு. அப்போது இரண்டு ஊருக்கும் ஒரே தேதி. நேரம் எந்த ஊர் நேரம் என்று பக்கத்துக்குப் பக்கம் அச்சிட்ட அட்டவணையோடு இருபது ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். சிவப்புப் பென்சில் என் தாளில் அடித்த சொல்லை நானே பெரிய எழுத்தில், ஒளிரவிட்டுப் போட்டிருந்தேன். தேதியைப் போட்டிருந்தால் செந்தில் காலை எட்டு மணிக்கே பார்த்திருப்பான்.

கிரீன்விச் நேரத்தோடு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். ஒரே வரி. நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்பே திருத்தி ஏற்றிவிட்டேன். தேதியையும் சேர்த்தேன். என் வேலையில் இவ்வளவு விரைவாக நான் எதையும் திருத்தியதில்லை.

லட்சுமி பூஜை கழிந்து அலுவலகம் திறந்தது. அந்த வாரமே கோமதி அம்மாள் வீட்டுக்கு வந்தார். சண்முகசுந்தரத்தின் மனைவி. அதுவரை அவர் தனியாக எங்கும் போய் நான் பார்த்ததில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்தார்.

"அண்ணாச்சி, இது அந்தத் தாளு. பைக்குள்ள இருந்துச்சு."

வாங்கிப் பார்த்தேன். சிவப்பு எழுத்து அச்சில் சாம்பலாக இருந்தது. இன்றைய பான் நேரம், 10.22.

"இவிய தம்பிமாருக எல்லாம் ஊர்லேருந்து வந்து, பய முந்தின நாளு தாளைக் கொண்டு போய் அப்பனைக் கொன்னுட்டான்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. போலீஸ்லயும் அப்படித்தான் எழுதியிருக்காம். இவன் காலையில எடுத்தேன், காலையில எடுத்தேன்னு ஒரே சொல்லா சொல்லுதான். காலேஜுக்குப் போகல. சோறு திங்கல." அவர் என் முகத்தைப் பார்த்தார். "எம்பிள்ளை பொய் சொல்ல மாட்டான், அண்ணாச்சி. ஆனா, தப்பாப் பாத்திருப்பானோ? ஒங்க பக்கம்தான இது. ஒங்களுக்குத் தெரியுமே. அதை மட்டும் சொல்லுங்க."

தாளின் அடியில், உறையின் மடிப்புக்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. அச்செடுக்கும்போது கணினி தானாகப் போடும் வரி அது: பக்கத்தின் முகவரி, அச்செடுத்த தேதி, மணி. மகாளயம் அன்றைய தேதி. காலை 8.11. போலீஸும் சித்தப்பாக்களும் பார்க்காத வரி. யார் அதையெல்லாம் படிக்கிறார்கள்?

விரலை அதன் மேல் வைத்தால் போதும். பதவி உயர்வுப் பட்டியல் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. என் பெயர் இரண்டாவது. அறிக்கை என் கையெழுத்தில். அனுமதியின்றி அலுவலக விஷயத்தைத் தனிப்பட்ட முறையில் வெளியிட்டதற்கு என்ன விதி, எந்த உட்பிரிவு, என்ன தண்டனை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

"இருக்கட்டும்மா. நான் பாக்கேன். இந்தத் தாள் எங்கிட்ட இருக்கட்டும்" என்றேன்.

அவர் எழவில்லை. "அப்ப, அவன்?"

"சின்னப் பையன்தானே. அவசரத்துல பாத்திருக்கலாம்."

அவர் தலையசைத்தார். மனைவி காபி கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

மறுநாள் மித்ராவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். தாளை மேசை மேல் வைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் அடி வரியைப் படித்தார்; பிறகு மேலே வந்தார். தலைப்புக்கு வந்ததும் கை தானாகப் பைக்குப் போய்ச் சிவப்புப் பென்சிலை எடுத்தது. பாதி வழியில் நின்றது. "இது சாட்சியம்" என்று சொல்லிப் பென்சிலைத் திரும்ப வைத்தார்.

"திருத்தம் அனுப்பும் முறை உனக்குத் தெரியும்."

தெரியும். மூலத் தாள் யார் யாருக்குப் போனதோ அவர்கள் அத்தனை பேருக்கும், அதே வழியில், அந்த எண்ணைக் குறிப்பிட்டு, எந்தப் பத்தி தவறு, சரி எது, தவறியவர் யார் என்று எழுதி அனுப்ப வேண்டும்.

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவா. நான் அனுப்புகிறேன்."

"சார், எனக்கு என்ன ஆகும்?"

"அந்த விதியும் உனக்குத் தெரியும், நெல்லையப்பன்."

வெளியே போகும் கடிதங்களுக்கான டெஸ்பாட்ச் பதிவேட்டைத் திறந்து, அடுத்த எண்ணைத் தம் கையால் எழுதினார். விஷயம், பெறுநர், கையெழுத்து என்ற கட்டங்களைக் காலியாக விட்டார். "உனக்கு எண் போட்டுவிட்டேன்" என்றார்.

மாதக்கணக்கில் அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தன. மித்ரா ஒரு முறைகூடக் கேட்கவில்லை. தினமும் பதிவேடு என் மேசைக்கு வரும். எனக்கு அடுத்த எண்களில் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. ஜனவரி இறுதியில் அவர் ஓய்வுபெற்றார். சந்தேஷ் இனிப்பு டப்பா, சால்வை, பேச்சு எல்லாம் ஆனது. பொறுப்பை ஒப்படைக்கும்போது புதிய அதிகாரியிடம் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். "இந்த எண் நெல்லையப்பனுடையது. வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்." என்னிடம் கை குலுக்கினார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் பட்டியல் வந்தது. எனக்கு உயர்வு கிடைத்தது. மார்ச்சில் சாந்த்ராகாச்சிக்குப் போனேன். தைரியம் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். உயர்வு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்பாவின் வேலைக்குப் பதிலாகச் செந்திலுக்கு யார்டில் ஒரு கடைநிலை வேலை கொடுத்திருந்தார்கள். படிப்பை விட்டுவிட்டான். தண்டவாளங்களுக்கு நடுவே, கையில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியுமாக வந்தான். ஐந்து மாதத்தில் முகம் அப்பாவுடையதாகிவிட்டிருந்தது. "வாங்க மாமா. சா குடிக்கிறீங்களா?" என்று வெளியே ஒரு தேநீர்க் கடைக்கு அழைத்துப்போனான்.

தாளை எடுத்து அடி வரியைக் காட்டினேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை.

"தெரியும், மாமா."

"எப்போ?"

"அப்பா போன மறுநாளே. போய்ப் பார்த்தேன். காலையில தப்பு. மத்தியானம் பார்த்தா சரி. தினமும் அப்படித்தான். போலீஸ்ல ஒரு தாதாகிட்ட சொன்னேன். கம்ப்யூட்டருக்குக் காலையில தூக்கம் தெளியலியான்னு சிரிச்சாரு." மண்குவளையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டான். "அஷ்டமி அன்னைக்குக் காலையில சரியா இருந்துச்சு. தேதியும் போட்டிருந்துச்சு. அப்பதான் தெரிஞ்சுது, நீங்க கண்டுபிடிச்சுட்டீங்கன்னு. அம்மாகிட்ட சொன்னேன், நெல்லையப்பன் மாமாவுக்கு இப்ப எல்லாம் தெரியும், போய்க் கேளு, அவரு சொல்லுவாருன்னு. நான்தான் அனுப்பினேன்."

தாளை உறைக்குள் திரும்ப வைத்தேன்.

"திரும்பி வந்து, 'நீ அவசரத்துல பாத்திருக்கலாம்னு அண்ணாச்சியே சொல்லுதாரு'ன்னா. அதுவரைக்கும் அம்மா மட்டும்தான் நான் சொன்னதை நம்பிக்கிட்டிருந்தா. அதுக்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கல. திட்டவும் இல்ல. சோறு போட்டா. சாப்பிடுன்னா."

"இப்பவே வர்றேன். அம்மாகிட்ட நான் சொல்றேன்" என்று எழுந்தேன்.

"வேண்டாம்." என் கையைப் பிடித்து உட்காரவைத்தான். "என்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா, மாமா. அதுக்கு அவ பட்ட பாட்டை நான் பார்த்தேன். இப்ப போய் நீங்க இதைச் சொன்னா, பெத்த பிள்ளையை நம்பாமப் போயிட்டோமேன்னு இன்னொண்ணு சேந்துரும். அதை அவ தாங்க மாட்டா. அவ இருக்கிறவரைக்கும் சொல்லாதீங்க." பிறகு கொடிகளை எடுத்துக்கொண்டான். "ஆபீஸுக்கு வேணும்னா எழுதுங்க. அதை யாரும் படிக்க மாட்டாங்க."

எழுதினேன். மித்ரா போட்டுவைத்த எண்ணில், விதிப்படி, எல்லாப் பெறுநர்களுக்கும். போலீஸிலிருந்து பெற்றுக்கொண்டதாக ஓர் அட்டை வந்தது. எனக்கு ஒரு மெமோ வந்தது, உயர்வைப் பாதிக்கவில்லை. செந்தில் சொன்னது சரி. வலைப்பக்கத்தை அழித்தேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்றேன். மறுபடியும் கேட்டது.

இந்த ஆண்டு தை மாதம் கோமதி அம்மாள் போய்விட்டார். செந்தில் தொலைபேசியில் சொன்னார். இப்போது அவருக்கே கல்லூரியில் படிக்கும் மகள். நான் போனேன். காரியங்கள் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இனி நீங்க யாருகிட்ட வேணும்னாலும் சொல்லலாம், மாமா" என்றார்.

"கடைசியில அம்மா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"ஆஸ்பத்திரியில கையைப் பிடிச்சுக்கிட்டா. 'அப்ப நீ சின்னப் பிள்ளைதான, நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கலப்பா'ன்னு சொன்னா."

"நீ என்ன சொன்னே?"

"சரிம்மான்னேன்."